பெரிய வூட்டு வாசப்படி

இழைப்புளியை ஓட்டியதும் மரத்திலிருந்து பழைய மஞ்சளும் எண்ணெயும் மணத்தன. அம்மா வந்து மோந்து பார்த்தாள். "பெரிய வூட்டு வாசப்படிதானேடா?"

ஆமாம். பாலசமுத்திரத்தில் அந்த வீட்டை இடித்ததும், சித்தூர் மரக்கடை வரைக்கும் தேடிப் போய் இந்த வேப்பம் பலகையை வாங்கி வந்தேன். என் பேஸ் கிட்டாருக்குக் காலால் மிதிக்கிற பெடல்கள் நாலு இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பொருத்த ஒரு போர்டு வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம், நைனா அந்த வீட்டுக்கு நெல் மூட்டை தூக்கினார். வாசலிலேயே இறக்குவார், படியைத் தாண்ட மாட்டார். ஒருநாள் உள்ளே ரேடியோ பாடிக்கினு இருந்தது. கேட்கிற ஆசையில் படிமேல் ஏறி நின்றுவிட்டேன். "திகுரா" என்றாள் வீட்டுக்காரம்மா, இறங்குடா என்று தெலுங்கில். நான் இறங்கியதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் படியைக் கழுவினாள். கழுவி முடிகிறவரை நைனா குனிந்த தலையோடு நின்றார்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஸ்க்ரூ போட்டால் மரம் பிளக்குமோ, வயர் சூடாகுமோ என்று நாலு தடவை சரிபார்த்தேன். ஆனால் பெடல்களுக்கு நடுவே ஒரு பாதம் அளவு மரத்தை வெறுமனே விட்டது பயத்தால் இல்லை.

"வாசப்படிய மிதிச்சா பாவம்னு சொல்லுவியேம்மா."

"அது நம்மூட்டு வாசப்படி. இத நல்லா மிதி. எவ வந்து கழுவுறான்னு பாக்கலாம்."

நாளைக்குத் திருப்பதிக் கச்சேரியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த வெறும் மரத்தை மிதிப்பேன்.