ஒன்றரை டன் வெயில்

பழைய இயந்திரங்களின் வெப்ப அளவுகளைப் புதிய அளவுகளுக்கு மாற்றி எழுதுவது என் பிழைப்பு. அரிசி ஆலைக் கொதிகலன், சாயப்பட்டறை, ஐஸ் கம்பெனி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கையேடு வரும், அதில் வழக்கொழிந்த ஓர் அலகு இருக்கும். மணிக்கு எண்ணூற்று அறுபது கிலோ கலோரி என்றால் ஒரு கிலோவாட். மணிக்குப் பன்னிரண்டாயிரம் பி.டி.யு. என்றால் ஒரு டன், அதாவது மூன்றரை கிலோவாட். டன் மட்டும் எனக்குப் பிடிக்கும். ஒரு டன் பனிக்கட்டி ஒரு பகலும் ஓர் இரவும் உருகி உருகிக் குடிக்கிற சூடு அது. கிலோவாட்டாக மாற்றி எழுதியதும் பனிக்கட்டி காணாமல் போய்விடும், எண் மட்டும் நிற்கும். நாள் முழுக்க இதைச் செய்தால் சாயங்காலம் கண்ணுக்குள் மணல் உருளும்.

இந்தக் கோடையில் அந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

மனைவிக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து, மார்பிலிருந்து இடுப்புவரை இறுக்கமான பெல்ட் போட்டு அனுப்பியிருந்தார்கள். பெல்ட்டுக்குள் வியர்வை தேங்கக் கூடாது, தையல் சீழ் பிடித்தால் மறுபடியும் திறக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் இருப்பதோ மாடிப் போர்ஷன். கத்திரி வெயில் காலையிலேயே மொட்டைமாடிக் கான்கிரீட்டில் ஏறிப் படுத்துக்கொள்ளும், பொழுது சாய்ந்தும் எழுந்து போகாது. ஃபேன் அந்த வெக்கையையே கிண்டிக் கிண்டி எங்கள் மேல் ஊற்றியது. துடைத்துத் துடைத்து என் கை ஓய்ந்தது. தையலோரம் சிவக்க ஆரம்பித்த அன்று ஏ.சி. வாங்கினேன்.

மாட்டுகிற ஆட்கள் வந்த நேரம் வீட்டுக்காரரும் மேலே வந்தார். பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். கீழ்ப் போர்ஷன் அவருடையது. பக்கத்துத் தெருவில் வயர் எரிந்து ஒரு வீடு புகைந்ததை நேரில் பார்த்திருக்கிறார். குனிந்து அட்டைப்பெட்டியில் இருந்ததைப் படித்தார். குளிர்விக்கும் திறன் 5.27 கிலோவாட்.

"இது வேணாம் தம்பி. மாடி லைன் நாலு கிலோவாட்டுக்குத்தான். இது அஞ்சேகால் கேக்குது. வயரு தாங்காது."

போன குடித்தனக்காரரும் ஏ.சி. ஓட்டினாரே என்று கேட்டேன்.

"அது ஒண்ணரை டன்."

"இதுவும் ஒண்ணரை டன்தாண்ணே."

"அப்ப ஏன் மாத்திப் போட்டிருக்கான்?"

அதை விளக்கித்தான் இத்தனை வருடமாகச் சோறு தின்கிறேன். மெல்லச் சொன்னேன். அஞ்சேகால் என்பது மெஷின் தின்கிற கரண்ட் இல்லை, அறையிலிருந்து வெளியே தள்ளுகிற சூடு. கரண்ட் கீழ் வரியில் இருக்கிறது, ஒன்று புள்ளி ஆறு. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையும் படித்தார். முகம் இன்னும் இறுகியது.

"ஒண்ணரை சொச்சத்த வாங்கிக்கிட்டு அஞ்சேகாலா திருப்பிக் குடுக்குமா? மண்டியில எவனாவது எங்கிட்ட இப்படிப் பேசினா, வெளிய போயான்னுருவேன்."

ஆட்கள் ட்ரில்லை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் இரண்டாம் முறை விளக்கினேன். மூன்றாம் முறை விளக்கியபோது எனக்கே அது ஏமாற்று வேலை போலக் கேட்டது. அப்போது உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க மண்டியில மூட்டை தூக்குறவரு எத்தன பரோட்டா திம்பாரு?"

"நாலு திம்பான். எதுக்கும்மா?"

"நாலு பரோட்டாவத் தின்னுட்டு எம்புட்டு வெங்காயத்த லாரியில ஏத்துறாரு. அம்புட்டும் அவரு வயித்துல இருந்தா வருது? இங்கிட்டுக் கெடக்குறத அங்கிட்டுத் தூக்கிப் போடுறாரு. இதுவும் லோடுமேன்தாண்ணே. இந்த ரூம்ல கெடக்குற வெக்கையத் தூக்கி வெளிய போடும்."

மீசைக்குள் சிரித்தார். ஆனால் மசியவில்லை. தற்காலிகமாக மாட்டச் சொன்னார். வயர் சுட்டால் கழற்றிவிட வேண்டும், சுடவில்லை என்று தெரியும்வரை இங்கேயே நிற்பேன் என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்ல.

வெளி மெஷினைப் பின்பக்க வராந்தாச் சுவரில் இரண்டே போல்ட்டில் நிறுத்தி ஓடவிட்டார்கள். அவர் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வயர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே பெல்ட்டின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈரம். இன்னும் ஈரம். கண்ணை மூடித் திறந்தபோது விரல் வழுக்கவில்லை. அவள் மூச்சு நீண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பகலில் அவள் தூங்கி அன்றுதான் பார்த்தேன்.

வெளியே வந்தேன். மீட்டர் பெட்டியருகே வீட்டுக்காரர் இல்லை. வயரைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. பின்பக்கம், ஓடுகிற மெஷினுக்கு நேர் எதிரே நின்றிருந்தார். அனல் காற்றில் வேட்டி படபடத்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், விலகவில்லை.

"இம்புட்டுமா அந்தப் பிள்ள படுத்திருந்த ரூமுக்குள்ள கெடந்துச்சு?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

அவர் படியில் இருந்த ஆட்களைக் கூப்பிட்டு, மெஷின் ஆடுகிறது, மிச்ச போல்ட்டையும் போட்டு நன்றாக முறுக்குங்கள் என்றார். அவர்கள் எழுந்து போன படியில் நான் உட்கார்ந்தேன்.