பொறுக்கிற கை

எனக்கு லாத்விய பாஷையிலை ஒரேயொரு சொல்தான் தெரியும்: ரோக்கா. அந்த ஒண்டை வைச்சு ஒரு மனுசியின்ரை வலக்கையை மீட்டெடுத்தனான். ஓம், பெருமையாத்தான் சொல்லுறன்.

அயர்லாந்து வெக்ஸ்போர்ட்டிலை ஒரு முதியோர் இல்லத்திலை எனக்குப் பராமரிப்பு வேலை. அங்கை இருந்த லாத்வியாக்கார அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை வழங்காமல் போச்சு, இங்கிலீசும் மறந்துபோச்சு. மாதம் முடிய முன்னம் தன்ரை கையாலை சாப்பிடாட்டி மேல்மாடிக்கு மாத்துவம் எண்டு மனேஜர் சொல்லிப்போட்டா. அங்கை எல்லாருக்கும் சாப்பாட்டை வாயிலை தீத்திவிடுறதுதான். அம்மா யன்னல் திரைச்சீலையைப் பிடிச்சுக்கொண்டு அழுதா.

தெரப்பிக்காரர் வந்து, “கையை உயத்துங்கோ” எண்டு இங்கிலீசிலை கத்துவார். கரண்டியைக் கையிலை திணிப்பார், அது டங்கெண்டு விழும். அவ்வளவுதான் அவரின்ரை வைத்தியம்!

ஞாயிற்றுக்கிழமை வந்த அம்மாவின்ரை மகளிட்டை, “உங்கடை பாஷையிலை கைக்கு என்ன சொல்லுறது?” எண்டு கேட்டன்.

“ரோக்கா. தோளிலையிருந்து விரல் நுனிவரை எல்லாம் ரோக்காதான்.”

“அட, எங்கடை கை மாதிரி!”

அவ மொழி படிப்பிக்கிற ரீச்சர். அந்தச் சொல்லின்ரை வேருக்குப் பொறுக்கிச் சேர்க்கிறது எண்டு அர்த்தமாம், அயல்பாஷை லித்துவேனியனிலை அந்த வினை இப்பவும் இருக்காம். தாய் சின்னனிலை காட்டிலை புளூபெரி பொறுக்கினவ எண்டும் சொன்னா.

பொறுக்கிப் பழகின கையை நாங்கள் சும்மா உயத்தச் சொல்லிக்கொண்டு நிண்டிருக்கிறம். எவ்வளவு மடையர்!

அடுத்தநாள் கரண்டியை மேசை லாச்சிக்குள்ளை போட்டன். தட்டிலை புளூபெரியைக் கொட்டி, “ரோக்கா” எண்டன். அம்மா என்னைப் பாத்தா, பழத்தைப் பாத்தா. ஒண்டும் நடக்கேலை. நாலாம் நாள் வலக்கைப் பெருவிரல் அசைஞ்சுது. பத்தாம் நாள் ஒரு பழத்தை நசுக்கிச் சட்டையெல்லாம் நீலம். நான் துள்ளிக் குதிச்சன்.

“கரண்டியில்லாமல் வெறுங்கையாலை சாப்பிடுறது மரியாதையில்லை” எண்டா மனேஜர்.

“நான் பிறந்த நாளிலையிருந்து கையாலைதான் சாப்பிடுறன். என்னிலை என்ன மரியாதை குறைஞ்சு கிடக்கு?” எண்டன்.

மாதக் கடைசியிலை மனேஜர் மேல்மாடிக்கு மாத்திற கடுதாசியோடை வந்து நிண்டா. அம்மா ஒரு பழத்தைப் பொறுக்கினா, வாயிலை போட்டா. இன்னொண்டு, இன்னொண்டு. நாலாவதை எடுத்து, மனேஜரின்ரை வாய்க்கு நேரை நீட்டினா.

மனேஜர் குனிஞ்சு வாயைத் திறந்தா. அம்மா தீத்திவிட்டா.