டிரைவர் பக்கம்

என் கணவருக்கு எந்த வாகனத்தின் கோளாறையும் சத்தத்தைக் கேட்டே சொல்லத் தெரியும். எங்கள் சொந்தக் காரில் எந்தக் கதவால் ஏறி ஓட்டுவது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போவில் பத்து வருடம் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே ஸ்டியரிங் வலது பக்கம்; கனடாவில் இடது பக்கம். மொன்றியலுக்கு வந்து ஏழு வருடமான பிறகும், "இண்டைக்கு நான் ஓடுறன்" என்று என்னிடம் திறப்பை வாங்கிக்கொண்டு, நேரே போய் வலது பக்கக் கதவைத் திறப்பார். அங்கே ஸ்டியரிங் இல்லாததைக் கண்டதும், எனக்காகத்தான் திறந்துவிட்டவர் போல ஒதுங்கி நின்று, "ஏறும்" என்பார். நானும் ஒன்றும் தெரியாதவள் போல ஏறி உட்காருவேன். அந்த மரியாதையை ஏன் கெடுப்பான்.

நான் கார் ஓடப் பழகியதே இங்கேதான். ஊரில் சைக்கிளோடு சரி. இப்போது எங்கள் காரை வழக்கமாக ஓடுவது நான்தான்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்தோம். புவாண்ட்-கிளேரில் களஞ்சியங்கள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில், பெரிய கதவுள்ள ஒரு கராஜ். உள்ளே பந்தயத்தில் ஓடும் ஒரு ஸ்டாக் கார். வெளியே பார்த்தால் வீதியில் ஓடுகிற கார் போல இருக்கும்; உள்ளே இரும்புக் குழாய்க் கூடும் ஒற்றை இருக்கையும்தான். முதலாளி குளிர்காலத்தில் பனி அள்ளும் லொறிகள் வைத்துப் பிழைக்கிற கியூபெக்காரர். கோடை வந்தால் தானே ஓட்டுநர். அவருடைய கார், அவருடைய அணி, அவருடைய வாய். அந்த வாய் ஓயாது. ஆனால் வஞ்சகம் இல்லாத மனிதர்.

என் கணவர் அங்கே பிரேக் வேலை பார்த்தார். நான் உதிரிப்பாகங்களைக் கழுவி, இலக்கம் பார்த்து, அலமாரியில் அடுக்கினேன். படித்த காலத்தில் கணக்குப் பாடம் எனக்கு நன்றாக வரும். இரண்டாம் வருடமே ஒவ்வொரு ஓட்டத்துக்குமான அளவுத் தாள்கள் என் கைக்கு வந்துவிட்டன. எந்தச் சக்கரத்துக்கு எந்த ஸ்பிரிங், எவ்வளவு காற்று, எவ்வளவு உயரம் என்று எழுதும் தாள்கள் அவை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வெளிப்படையாகச் சொன்னால், பெருமையாகவும் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் தங்கள் வேலையைப் பற்றிக் கதைக்கும்போது, நான் பந்தயக் காருக்கு ஸ்பிரிங் தெரிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர்களுடைய முகத்தைப் பார்ப்பேன்.

எங்கள் கார் வழக்கமாக ஓடுவது வட்டப் பாதையில். அங்கே இடது பக்கம் மட்டும்தான் திரும்ப வேண்டும். ஆரம்பம் முதல் முடிவு வரை இடது, இடது, இடது. காரையும் அதற்கேற்ற மாதிரியே கோணலாகக் கட்டியிருப்பார்கள். அந்தக் கோடையில் முதலாளிக்குப் புது ஆசை வந்தது. நகரத்துக்குப் பக்கத்தில், ஆற்றின் நடுவே இருக்கும் தீவில், இரண்டு பக்கமும் வளையும் பாதையில் நடக்கிற ஓட்டத்தில் கலந்துகொள்வது. தான் பிறந்த ஊரில், தன் சனங்களுக்கு முன்னால் ஓடவேண்டும் என்றார். அதற்குக் காரை மறுபடி பிறக்க வைக்க வேண்டும். கியர்ப்பெட்டி மாற்ற வேண்டும். பெரிய பிரேக்குகளும் அவற்றைக் குளிர வைக்கக் காற்றுக் குழாய்களும் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வலது பக்கம் திரும்பவே தெரியாத காருக்கு வலது பக்கம் திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஓட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் தலைமை மெக்கானிக் ஒன்ராறியோவில் வேறு அணிக்குப் போய்விட்டார். முதலாளி ஒரு நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தார். அடுத்த நாள் காலை என் கணவரைக் கூப்பிட்டார்.

"காரை நீயே தயார் செய். ஓட்டத்துக்கு முந்தின புதன்கிழமை ஓட்டிப் பார்ப்பேன். சரி வந்தால் இனி எப்போதும் நீதான் தலைமை. சரி வராவிட்டால் ஒன்ராறியோவுக்குப் போன் பண்ணி அவனைக் கெஞ்சிக் கூப்பிடுவேன். நீ பழையபடி பிரேக்குக்குப் போவாய். கோபிக்காதே."

இவர் கோபிக்கவில்லை. "மெர்சி" என்று நன்றி சொன்னார். மத்தியானம் சாப்பிடும்போது ரொட்டியைப் பிய்த்துக் கையில் வைத்தபடியே இருந்தார். ஊரில் எட்டுப் பேருக்கு வேலை சொன்ன மனிதர், ஏழு வருடமாக இன்னொருவர் சொல்வதைச் செய்துகொண்டிருக்கிறார். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் முறைப்பட்டதில்லை. எனக்குத்தான் அது உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. இந்தக் கார் சரிவர வேண்டும் என்று அன்றைக்கு நான் ஆண்டவரிடம் சும்மா கேட்கவில்லை. சண்டை பிடித்தே கேட்டேன்.

அந்த வாரங்களைப் போலச் சந்தோசமாக நாங்கள் வேலை செய்ததில்லை. முந்தின தலைமை மெக்கானிக் எல்லாவற்றையும் பிரெஞ்சில் எழுதித் தருவார்; நாங்கள் வாசித்துச் செய்வோம். இப்போது இவர் காருக்குக் கீழே படுத்தபடி தமிழில் சொல்ல, நான் மேலே நின்று தமிழில் எழுதினேன். கராஜில் இருந்த மற்ற இரண்டு மெக்கானிக்குகளும், நாங்கள் ஏதோ மந்திரம் ஓதுவதாகச் சிரித்தார்கள்.

கடைசி வாரம் திங்கட்கிழமை ஸ்பிரிங்கின் முறை. காரின் முன்பக்கத்துக்கு இரண்டு ஸ்பிரிங். பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒன்று கொஞ்சம் இளகியது, மற்றது கொஞ்சம் இறுகியது.

கீழே இருந்து சத்தம் வந்தது. "எழுதும். டிரைவர் பக்கம் இளக்கம். மற்றப் பக்கம் இறுக்கம்."

"டிரைவர் பக்கம் இளக்கம்" என்று திருப்பிச் சொல்லி எழுதினேன். இரண்டையும் எடுத்து வந்து, உரிய சக்கரங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். மற்ற இருவரும் வைத்ததை எடுத்துப் பூட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

புதன்கிழமை, ஊருக்கு வெளியே வாடகைக்கு எடுத்த பாதையில் முதலாளி பத்துச் சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றியதும் அவர் ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

"இடது பக்கம் அருமையாகத் திரும்புகிறது" என்றார் கடைசியில். "வலது பக்கம் திருப்பினால் மாட்டேன் என்கிறது. இது இன்னும் வட்டப் பாதைக் கார்தான்."

போன் பண்ணப் போகிறேன் என்றார். இவர் ஒரே ஒரு நாள் கேட்டார். வியாழன் மத்தியானம் வரை என்று முதலாளி தவணை கொடுத்தார்.

அன்று கராஜுக்குத் திரும்பி எல்லாவற்றையும் அளந்தோம். நான்கு சக்கரத்தையும் தராசில் நிறுத்தோம். நிறை சரி. உயரம் சரி. சக்கரக் கோணம் சரி. இவர் என் தாளை விளக்குக்குக் கீழே பிடித்து வரிவரியாக வாசித்தார்.

"டிரைவர் பக்கம் இளக்கம், மற்றது இறுக்கம். நான் சொன்னதுதான் எழுதியிருக்கு. நீர் ஒருக்கா ஸ்பிரிங்கைப் பாரும். தாளில இருக்கிற மாதிரியே கிடக்கு?"

டோர்ச் அடித்து இலக்கத்தைப் பார்த்தேன். "ஓம், அப்பிடியே கிடக்கு."

"அப்ப என்ர கணக்குத்தான் பிழை" என்றார் மெதுவாக. "எனக்கு பஸ்தான் சரி போல."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேலா, முதலாளி மேலா, காரின் மேலா என்று தெரியவில்லை. "விசர்க் கதை கதையாதேங்கோ" என்றேன்.

வியாழன் காலை. நான் இரவு முழுக்கத் தூங்காததை அவர் பார்த்திருக்க வேண்டும். "தாரும், இண்டைக்கு நான் ஓடுறன்" என்று திறப்பை வாங்கினார். வாங்கினவர் நேரே போனார் வலது பக்கக் கதவுக்கு. அத்தனை கவலைக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"எங்க போறீங்கள்?"

"டிரைவர் பக்கம்..." என்று தொடங்கியவர், கதவைத் திறந்தார், உள்ளே பார்த்தார், வழக்கம் போல ஒதுங்கி நின்றார். "ஏறும்."

நான் ஏறவில்லை.

"இஞ்சேருங்கோ. திங்கட்கிழமை காருக்குக் கீழ கிடந்து டிரைவர் பக்கம் எண்டு சொன்னீங்களே. எந்தப் பக்கத்தை நினைச்சுச் சொன்னனீங்கள்?"

அவர் தான் பிடித்திருந்த கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார்.

"நீர் எங்க வைச்சனீர்?"

நான் காருக்கு அந்தப் பக்கம், இடது கதவைக் காட்டினேன்.

தெருவில் நின்று இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம். குப்பை வாளியை வெளியே வைக்க வந்த பக்கத்து வீட்டு மனுசி எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். தாளில் அவர் வாசித்தது அவருடைய டிரைவர் பக்கம். டோர்ச் அடித்து நான் பார்த்தது என்னுடைய டிரைவர் பக்கம். இளகின ஸ்பிரிங் வலது பக்கம் இருந்தால்தான் அந்தக் கோணல் கார் வலது பக்கமும் வளையும்; அது இடது பக்கம் கிடந்தது. பந்தயக் காரில் ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதை அவர் தினமும் காண்கிறார்தான். ஆனால் தமிழில் யோசிக்கும்போது அவர் டிப்போவில்தான் நின்றார். பிரெஞ்சுத் தாள் இருந்தவரை கோஷ், துருவா என்று இடதும் வலதும் பிழையாமல் வந்தன. எங்களுக்குள் தமிழில் வேலை செய்த முதல் தடவையே இந்தக் கூத்து.

நாற்பதாம் நெடுஞ்சாலையில் அன்று நான்தான் ஓடினேன். வேகத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஸ்பிரிங் இரண்டையும் பக்கம் மாற்றிப் பூட்டி முடிக்க, முதலாளி வந்தார்.

"என்ன பிழை? யார் செய்தது?"

"நான்" என்றேன். அதே நேரத்தில் இவரும் "நான்" என்றார். பிறகு என் அரைகுறை பிரெஞ்சில் முழுக் கதையையும் சொன்னேன். கதவுக் கதையையும் சேர்த்துத்தான். முதலாளி கடைசி வரை முகத்தை இறுக்கி வைத்திருந்து கேட்டார். பிறகு மேசையில் கை ஊன்றிக் குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும், "ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு" என்றார்.

மத்தியானம் அதே பாதை. நான் சுற்றுகளை எண்ணவில்லை. இவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார் வலது வளைவில் போய்ப் படிந்து, தயங்காமல் வெளியே வந்தது. அடுத்த சுற்றும் அப்படியே. முதலாளி இறங்கி வந்து இவருக்கு முன்னால் நின்றார்.

"நாளைக்குக் காலையில் ஏழு மணிக்குத் தீவில் நிற்க வேண்டும், தலைமை. போன் தேவைப்படாது."

தீவில் நாங்கள் வெல்லவில்லை. நடுவில் எங்கேயோ முடித்தோம், காரில் ஒரு கீறல் இல்லாமல். முதலாளி தன் அக்கா, தங்கை, பனி லொறிக்காரர்கள் எல்லோரையும் கூட்டிவந்து, வென்றவர் போலக் காருக்கு முன்னால் நின்று படம் எடுத்தார். எங்கள் இருவரையும் நடுவில் நிற்க வைத்தார். அந்தப் படம் இப்போதும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. அதில் என் முகம் முழுக்கப் பல்.

செவ்வாய்க்கிழமை அடுத்த ஓட்டத்துக்கான வேலை தொடங்கியது. அதுவும் இரண்டு பக்கமும் வளையும் பாதைதான். இவர் வழக்கம் போலக் காருக்குக் கீழே படுத்தார். நான் புதுத் தாள் எடுத்தேன்.

"இனி டிரைவர் பக்கம் எண்ட கதை வேண்டாம்" என்றேன். "இடது, வலது எண்டு சொல்லுங்கோ."

எங்கள் காரில் எந்தக் கதவால் யார் ஏறுகிறோம் என்று யோசித்திருக்கிறார்.

"எழுதும். உம்மட பக்கம் இறுக்கம். என்ர பக்கம் இளக்கம்."

நான் ஏறி ஓடும் இடது பக்கம் என்னுடையது, அவர் போய்த் திறக்கும் வலது பக்கம் அவருடையது. அதை அப்படியே எழுதினேன். பிறகு ஒரு தடவைகூட நாங்கள் பக்கம் மாறிப் பூட்டியதில்லை.