அரைஞாணும் மின்சாரக் கத்தியும்

என் கணவருக்குத் தொடையில் ஒரு கட்டி. பாகூரில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர் நொண்ட ஆரம்பித்த பிறகுதான் அதைக் காட்டினார். அதுவரை வேட்டிக்குள்ளேயே வளர்த்திருக்கிறார். மறைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் மின்சாரக் கத்தி வந்திருந்தது. அறுக்கும்போதே ரத்தத்தையும் அடைத்துவிடுமாம். பிரெஞ்சு டாக்டர் சொன்னதை நர்சம்மா எங்களுக்கு விளக்கினார். கத்தி வழியாக உடம்புக்குள் போகிற மின்சாரம் வெளியேற வேண்டும். அதற்காக ஒரு ஈயத்தகட்டின் மேல் உப்புத்தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, அதை மறு தொடைக்கு அடியில் வைப்பார்கள். அது சுருக்கமில்லாமல் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். உடம்பில் வேறு உலோகம் இருந்து, அது இரும்பு மேசையில் பட்டால், மின்சாரம் அந்த வழியாக இறங்கி அங்கே சுட்டுவிடும்.

"முதுவுல ஊசி போட்டா இடுப்புக்குக் கீழ மரத்துடும்மா. வெந்தாக்கூட அவருக்குத் தெரியாது. கடுக்கன், மோதிரம் எல்லாத்தையும் கழட்டிடுங்க" என்றார்.

கடுக்கனையும் மோதிரத்தையும் கழற்றி என்னிடம் கொடுத்தார் கணவர். இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணைப் பற்றி மூச்சுவிடவில்லை. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையின் அரைஞாணை எடுப்பது உயிர் போன பிறகுதான். அதை மேலே ஏற்றி, ஆஸ்பத்திரித் துணிக்குள் செருகிக்கொண்டு, சமத்துப் பிள்ளை மாதிரி படுத்துவிட்டார்.

தள்ளுவண்டி அறுவை அறைக் கதவை நெருங்கும்போதுதான் அந்தத் துணி புடைத்திருந்ததைக் கவனித்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நர்சம்மா, நில்லுங்க! இடுப்புல வெள்ளி வச்சிருக்காரு" என்று கத்தினேன்.

"காட்டிக் குடுத்துட்டியேடி!" என்றார் அவர். நர்சம்மா கத்தரிக்கோலை எடுத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அரணாக்கொடிய எடுத்தா நான் பொணம். கட்டியோடவே வூட்டுக்குப் போறேன், வுடுங்க."

முகம் வெளுத்திருந்தது. வீம்பென்று நினைத்தேன், அது பயம். என் கோபம் இறங்கிவிட்டது. இப்படியே திரும்பிப் போனால் அந்தக் கட்டி அவரை விட்டுவைக்காது என்ற பயம் எனக்கும் பிடித்துக்கொண்டது.

உள்ளேயிருந்து டாக்டர் பிரெஞ்சில் அதட்டினார். நான் புடவைத் தலைப்பின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். அதை முறுக்கி, வெள்ளிக்கு மேலே அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன்.

"இன்னாடி பண்ற?"

"இடுப்பு வெறுமையா இருக்கக் கூடாது, அவ்ளோதானே மாமா? இது நூலு. இது இருக்கச்சொல்ல அத எடுத்தா ஒண்ணும் ஆவாது."

"இன்னாம்மா, புருசனுக்கு நீ தாலி கட்டுறியா?" என்று நர்சம்மா சிரித்துவிட்டார். என் கணவர் சிரிக்கவில்லை. ஆனால் வெள்ளியைப் பொத்தியிருந்த கையை மெல்ல எடுத்தார். ஈரமிருந்தால் அதிலும் மின்சாரம் பாயும் என்று, நான் கடித்த துணியை நர்சம்மா தொட்டுப் பார்த்தார். பிறகு கொக்கியை விடுவித்து வெள்ளியை என்னிடம் தந்தார்.

கட்டியை எடுத்து, கட்டுப்போட்டு வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நர்சம்மா அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகு, இடுப்பு, தகடு இருந்த தொடை, குதிகால் என்று எல்லாவற்றையும் பார்த்தார். எங்கும் சூடுபட்ட சிவப்பு இல்லை. அவருக்கு இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்வு திரும்பவில்லை. கை மட்டும் இடுப்பருகே துழாவிக்கொண்டிருந்தது.

"இருக்குதாடி? எனக்குத் தெரியல" என்றார்.

அவர் விரல்களைப் பிடித்து முடிச்சின் மேல் வைத்தேன். அதைப் பற்றிக்கொண்டே தூங்கிப்போனார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.