பச்சை விளக்கும் மாமாவின் கிட்டாரும்

அம்மாவின் தம்பி கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு லீவு போட்டுக்கொண்டு, தெரணியகலை பஸ்ஸிலிருந்து புதுக் கிட்டாரோடு இறங்கினார். மேடையில், வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் டீச்சர் சாமிப் பாட்டுப் பாடுவதென்றும், கூட இவர் வாசிப்பதென்றும் போனிலேயே கோயில் கமிட்டியிடம் பேசி முடித்திருந்தார். வாசிக்கத் தெரியுமா என்று கமிட்டி கேட்கவில்லை.

பஸ்ஸில் குலுங்கி வந்ததில் கம்பிகளெல்லாம் தளர்ந்து கிடந்தன. மாமா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். துணி காயப்போடும் க்ளிப் மாதிரி, சுருதி பார்க்கும் ஒரு ட்யூனரைக் கிட்டாரின் தலையில் மாட்டினார். கம்பியைத் தட்டினால் அதில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆடும் முள்ளும் தெரியும். முள் நடுவில் நின்றால் விளக்கு பச்சையாகும்.

"பச்சை வந்தா சொல்லு, போதும்," என்றார்.

அவர் திருகினார், நான் சொன்னேன். ஆறு கம்பிக்கும் பச்சை வந்துவிட்டது. மாமா ஒரு தடவை மொத்தமாக மீட்டினார். தகரத்தை யார் இழுக்கிறார்கள் என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். மெஷின் பொய் சொல்லாது என்றார் மாமா. எட்டிப் பார்த்த திரீவீல்காரர் சிங்களத்தில் "ஹொந்தாய்" என்று பாராட்டிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

மேடையில் மாமா முதல் தடவை மீட்டியதுமே டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டார். தப்படிக்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் மறுபடி தொடங்கியபோது, மாமா கம்பியைத் தொடாமல் கையை மட்டும் அழகாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்து இறங்கிய டீச்சர் ட்யூனரைப் பார்த்தார். பயிற்சிக்கு இரத்தினபுரி போயிருந்தபோது கொஞ்சம் கிட்டார் பழகியிருந்தாராம்.

"லைட்டை மட்டும் பாத்திருக்கீங்க. எழுத்தையும் பாக்கணுங்க. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு எழுத்து இருக்கு."

ஈ, ஏ, டி, ஜி, பி, மறுபடி ஈ என்று சொல்லிச் சொல்லி அவரே முறுக்கிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு அது அங்கேயே மனப்பாடமாகிவிட்டது. மாமாவுக்குத்தான் ஆகவில்லை.

வயிற்றுவலி என்று கடைக்குச் சொல்லிவிட்டு மாமா எங்கள் லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டார். தினமும் காலையில் நான் எழுத்துப் பார்த்துச் சரியாக ட்யூன் செய்து வைப்பேன். மத்தியானம் பிள்ளைக்காம்பராவுக்குக் கிளம்பும்போது அவரே இரண்டு கம்பியைத் தளர்த்திவிட்டு, சரியாக நிற்கவில்லை என்று டீச்சரிடம் நீட்டுவார். ஒருநாள் என்னால் பொறுக்க முடியவில்லை. கூடவே போனேன்.

"டீச்சர், நான் காலையிலயே சரியா வச்சேன். மாமாதான் வேணும்னே லூசாக்குறாரு."

மாமா கூரையைப் பார்த்தார். டீச்சர் தூங்குகிற பிள்ளைகள் பக்கம் திரும்பி, ஏணைத் துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"பரவாயில்லங்க. நாளைக்கும் கொண்டுவாங்க, பாப்போம்," என்றார்.

டீச்சருக்குக்கூட நான் சொன்னது விளங்கவில்லையே என்று எனக்கு ஒரே எரிச்சல். திரும்பும் வழியெல்லாம் எந்தக் கம்பிக்கு எந்த எழுத்து என்று மாமாவுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒன்றையும் காதில் வாங்காமல், சிரித்துக்கொண்டே நடந்தார்.