செல்மா ஒட்டிய பதினாறு பக்கங்கள்

அமெரிக்காவில் டென்னசி மலைப்பக்கம் பைனி கேப் ஊர்ப் பள்ளியில் செல்மா ஹனிகட் பத்தொன்பது வருடம் நூலகர். பள்ளி திறக்கும் ஆகஸ்ட் பிறந்தால் அவளுக்கு ஒரு வேலை உண்டு. உயிரியல் புத்தகங்களில் பரிணாமப் பாடத்தின் பதினாறு பக்கங்களையும் பசை தடவி ஒட்டிவிட வேண்டும். பள்ளிக் குழுவின் உத்தரவு. குழுத் தலைவன் அவள் கணவன் ஹார்லன்தான். பாப்டிஸ்ட் சபையில் பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பான டீக்கனும் அவனே.

அவள் ஒரு வரிகூடப் படித்ததில்லை. ஒட்டப்போவதை எதற்குப் படிப்பது? பிள்ளைகளோ கெட்டில் ஆவியில் பிரித்துப் படித்தார்கள். அந்தப் புத்தகத்தில் அவர்கள் ஆசையாகப் படித்த ஒரே பாடம் அதுதான் என்பது பெரிய மனிதர்களுக்கு மட்டும் தெரியாது.

எழுபத்தெட்டு மார்ச்சில் நூலகக் கூரை ஒழுகியது. நனைந்த புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து இஸ்திரி போட்டு உலர்த்தினாள். பசை விட்ட பக்கத்தில் ஒரு பன்றிக் காலின் படம். தரையில் பாவாமல் பின்னால் தொங்கும் இரண்டு சின்னக் குளம்புகள். ஒரு காலத்தில் ஊன்றி நடந்த விரல்கள், சுருங்கிப் போனவை என்று போட்டிருந்தது. வருடா வருடம் பன்றி அறுக்கும் வீட்டில் பிறந்தவள். அந்தக் குளம்புகளை எத்தனை வெட்டி எறிந்திருப்பாள்! நின்றபடியே பதினாறு பக்கமும் படித்தாள். இஸ்திரிப் பெட்டியின் அடியில் வேறொரு புத்தகம் கருகியது.

இனி ஒட்ட மாட்டேன் என்று பள்ளியில் சொல்லிவிட்டாள். விஷயம் சபைக்கு வந்தது. புதன்கிழமை ஜெபம் முடிந்ததும் கை தூக்கச் சொல்வார்கள். கை அதிகமானால் சபைப் பதிவிலிருந்து அவள் பெயரை அடித்துவிடுவார்கள். அவள் ஞானஸ்நானம் பெற்ற சபை, அவள் அம்மாவைப் புதைத்த சபை. அதை இழந்தால் அந்த ஊரில் அவளுக்கு யாரும் இல்லை.

"சிஸ்டர், கண்ணு மாதிரி ஒரு அற்புதம் தானா வந்துருமா? உங்க தாத்தா என்ன குரங்கா?" என்றார் பாஸ்டர் டீக்.

"எங்க தாத்தாவ நீங்க பார்த்ததில்ல, பாஸ்டர்."

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாஸ்டர் முகம் சிவந்தது.

"ஆண்டவர் படைச்சார்னுதான் நானும் நம்புறேன். எப்படிப் படைச்சார்னு பார்க்கக் கூடாதா? பிள்ளைங்க படிக்கட்டும்," என்றாள் செல்மா.

"பெயரை எடுக்கலாம்கிறவங்க கை தூக்குங்க," என்றார் பாஸ்டர்.

யார் தூக்கினாலும் ஹார்லன் விட்டுக்கொடுக்க மாட்டான் என்று இருந்தாள். முதலில் எழுந்தது அவன் கைதான். அப்புறம் மற்றக் கைகள்.

வெளியே அவன் வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"ஏறு. வீட்டுல சோளரொட்டி ஆறிடும்."

"அதுல என்ன இருக்குன்னே தெரியாம எப்படி ஹார்லன் கையத் தூக்கின?"

"தெரியாமலா? மூணு தடவ படிச்சிருக்கேன். படிக்காம ஒட்டச் சொல்ற ஆளா நான்?"

"அப்ப தப்பு எங்க இருக்கு? காட்டு."

"தப்பு இருந்தா எதுக்குடி ஒட்டணும்? தெறந்து வச்சு எல்லாருக்கும் காட்டியிருப்பேனே."

இந்த மனிதனோடா இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தினாள்?

"ஏறு" என்றான் மறுபடியும். அவள் ஏறவில்லை.