ஆஸியா பீவியின் கரகர ரேடியோ

கூடத்திலிருந்து ஒரே பாட்டு இரண்டு முறை கேட்டது. முதலில் பழைய ரேடியோவில், கரகரவென்று. இரண்டு விநாடி கழித்துப் புது டிஜிட்டல் ரேடியோவில் அதே வரி, அலம்பி எடுத்த கண்ணாடித் தம்ளர் போலப் பளிச்சென்று.

"எது நல்லாருக்கு? நீங்களே சொல்லுங்க மாமி" என்றான் மருமகன் அஜ்மீர்.

ஆஸியா பீவி அறைக்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மருமகன் முன்னால் மாமியார் வராத குடும்பம். பதினோரு வருஷமாக அவன் முகத்தை அவள் நேராகப் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம். இன்று அந்தக் குரல் ரொம்ப இனித்தது.

"புதுசுதான் சுத்தமாக் கேக்குது மாப்பிள்ளை. பொய் சொல்ல மாட்டேன்."

"அப்புறமென்ன? பழசைக் காயலான் கடையில போட்டுடுறேன். அப்படியே அந்த வடகத்தையும் விட்டுடுங்க. என் மாமியாரு தலத்தெருவுல வடகம் விக்கிறது துபாய் வரைக்கும் சிரிப்பா சிரிக்கிது."

இதற்குத்தானா இத்தனை பீடிகை! இருபத்தெட்டு வயதில் கணவனைச் சவூதி மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். மிஞ்சியது கைக்குழந்தை பஹீமாவும் இந்த ரேடியோவும்தான். வெங்காய வடகம் உருட்டித்தான் மகளை ஆளாக்கி இவன் கையில் பிடித்துக் கொடுத்தாள். எங்கோ தூரத்தில் மின்னல் வெட்டினாலே, மழைக்கு அரை மணி முன்னாலேயே அந்தப் பழைய ரேடியோ சடசடக்கும். அவள் மாடிக்கு ஓடி வடகத்தை அள்ளிவிடுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு பாய் வடகம்கூட நனைந்ததில்லை.

சட். சட் சட்.

பழைய ரேடியோ பாட்டைக் கிழித்தது. புதியது எதுவுமே நடக்காதது போலப் பாடிக்கொண்டிருந்தது.

"இந்தச் சனியனைக் கேட்டீங்களா?" அஜ்மீர் பழையதை அணைத்தான்.

"மழை வருது மாப்பிள்ளை. செத்த வாசப்பக்கம் போங்களேன், நான் மாடிக்குப் போய்ட்டு வந்துடுறேன்."

"வெயில் மண்டையப் பொளக்குது, மழையாம்!" நாற்காலியை இழுத்து மாடிப்படிக்குக் கீழேயே போட்டு உட்கார்ந்தான். "நனைஞ்சா நனையட்டும். இன்னையோட தலைமுழுகுங்க."

அவள் வெளியே வரமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். பத்து நிமிஷம். கால் மணி. ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. மாடியில் நான்கு பாய், ஒரு வார உழைப்பு!

ஆஸியா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அஜ்மீர் பதறி எழுந்தான். அவள் முதன்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். இந்தச் சின்ன முகத்துக்கா இத்தனை வருஷம் ஒளிந்தோம்? அவள் அவனைத் தாண்டிப் படியேறினாள். கடைசிப் பாயைச் சுருட்டும்போது முதல் துளி நெற்றியில் விழுந்தது.

இறங்கி வந்தபோது பழைய ரேடியோ அவன் அக்குளில் இருந்தது.

"அதை வைங்க."

"பஹீமாவை இனிமே இங்க அனுப்ப மாட்டேன்!"

"தருமபுரத்துல உங்க வீட்டுலேர்ந்து இங்க வர எம் மவளுக்கு வழி தெரியும். உங்க ரேடியோ நல்லாத்தான் பாடுது, எடுத்துட்டுப் போங்க. அது எனக்கு மழைய சொல்லாது."

பழையதை நாற்காலியில் எறியாத குறையாக வைத்தான். புதியதைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு, கொட்டும் மழையில் காரை நோக்கி ஓடினான்.

அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆஸியா பீவி கதவைச் சாத்தித் தாழ்போட்டாள்.